இராயப்பன் டிரையரைத் திறந்தார்

குருவிட்ட ஊருக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இராயப்பனைத் தெரியாதவர்கள் இல்லை. தெரிந்தவர்கள் யாரும் அவரிடம் எதையும் கேட்பதில்லை; கேட்காமலே சொல்லிவிடுவார். "ஸ்டோர்ல டிரையர் நம்ம கையிலதான் இருந்திச்சு" என்றுதான் எந்தப் பேச்சும் தொடங்கும்.

ஸ்டோர் என்றால் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை. டிரையர் என்றால் அரைத்த கொழுந்தை உலர்த்தித் தூளாக்கும் பெரிய மெஷின். அது ஒருநாளும் இராயப்பன் கையில் இருந்ததில்லை. அதற்குச் சூடு கொடுக்கும் போறணையில் விறகு தள்ளியதுதான் அவர் காலமெல்லாம் பார்த்த உத்தியோகம். டிரையரைப் பார்த்தவர் இராமசாமி. அவர் இன்னும் மேல் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில்தான் இருக்கிறார். இராயப்பனின் கதையை அவர் மறுத்ததும் இல்லை, ஒப்புக்கொண்டதும் இல்லை. குரைத்து முடித்தால் தானாகப் படுத்துக்கொள்ளும் என்று விட்டிருந்தார்.

கல்யாணப் பேச்சிலேயே மாப்பிள்ளைக்கு டிரையர் வேலை என்றுதான் சொன்னார்கள். மெட்டில்டா கழுத்தை நீட்டிய மறுவாரம் சோறு கொண்டுபோனாள். டிரையர் பக்கத்தில் புருஷனைக் காணாமல் தேடி, கடைசியில் போறணை வாசலில், கரி அப்பிய முகத்தோடு விறகுக் கட்டையைக் கட்டிப்பிடித்து நின்றவரைக் கண்டுபிடித்தாள். சோற்றைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். அதைப் பற்றி அதற்குப் பிறகும் அவள் பேசவில்லை. பேசும் அளவுக்கு அது பெரிய விஷயமாக அவளுக்குத் தோன்றவில்லை. இராயப்பனுக்கோ அதைவிடப் பெரிய விஷயம் உலகத்தில் கிடையாது. டிரையர்காரர் என்ற பெயரை எடுத்துவிட்டால் அவரிடம் மிஞ்சுவது இடுப்பில் கட்டிய ஒரு சாரமும் ஒரு இருமலும்தான்.

இந்தப் பக்கத்தில் மழை பிடித்தால் தோய்த்த துணி காய்வதற்கு முன் பூஞ்சணம் பிடித்துவிடும். அம்மா அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் துணி உலர்த்துவதைப் போனில் பார்த்துப் பார்த்துச் சலித்த மகள் ஸ்டெபானி, கத்தாரில் தான் வேலை செய்யும் வீட்டில் கழித்துவிட்ட துணி உலர்த்தும் மெஷினைக் கார்கோவில் அனுப்பிவைத்தாள். அதை ஜன்னலோரம் வைத்து, பின்னாலிருந்த வளைகுழாயை வெளியே விட்டார்கள். ஈர ஆவி அதன் வழியே வெளியே போகும். தோட்டத்துச் சிற்றாலயத்தின் துணிகளைத் தோய்ப்பவள் மெட்டில்டா. அவளுக்கு அது பெரிய ஆறுதல்.

இராயப்பன் மெஷினைத் தட்டிப் பார்த்தார். "இதுவும் டிரையர்தானே. நம்ம பாக்காத டிரையரா?"

போன வருஷம் முழுக்க மெஷின் ஒழுங்காக ஓடியது. இந்த ஜூனில், அந்தோனியார் திருநாள் நெருங்கிய நேரத்தில், மக்கர் செய்தது. சுற்றியது, சுட்டது, ஆனால் எவ்வளவு நேரம் போட்டாலும் துணி ஈரமாகவே வந்தது.

"ஏங்க, டவுன்ல ஸப்வான் தம்பிக்கிட்டச் சொல்லுவோமா? வந்து பாத்துட்டுப் போயிருவாரு" என்றாள் மெட்டில்டா.

"ஸப்வானா? ஃபேனுக்கு வயர் கட்டுற பயல். அவனுக்கு டிரையர்னா என்னான்னு தெரியுமா?"

"ஒங்களுக்குத் தெரியுமா?"

அவள் அதைச் சண்டைக்காகக் கேட்கவில்லை. ஆனால் அந்த நேரம் பார்த்து இராமசாமி வாசலில் குடையை உதறிக்கொண்டிருந்தார். திருநாளுக்குக் கட்ட வேண்டிய வேட்டியைக் காயவைக்கக் கொண்டுவந்திருந்தார். அந்தோனியாருக்கு நேர்த்தி வைப்பதில் தோட்டத்தில் இந்து, கிறிஸ்தவர் என்ற பேதம் இல்லை. கேள்வி அவர் காதிலும் விழுந்துவிட்டது.

இராயப்பன் நெஞ்சை நிமிர்த்தினார். "அண்ணே, நீங்களே சொல்லுங்க. நான் இருக்கிற லயத்துக்கு மெஷின் திருத்த வெளிய இருந்து ஒரு பாஸ் வர்றதா? இத நான் சரியாக்காட்டி, இனிமே எவனும் என்னைய டிரையர்காரன்னு கூப்பிட வேணாம்!"

"இப்ப யாருடா கூப்பிடுறா?" என்று கேட்டுவிட்டு இராமசாமி நாற்காலியில் உட்கார்ந்தார். வேடிக்கை இருக்கும் என்று தெரிந்துவிட்டது.

மெட்டில்டா போனில் மகளைப் பிடித்தாள். "அப்பா, மொதல்ல பிளக்கைக் கழட்டுங்க" என்று ஸ்டெபானி திரையில் தோன்றிச் சொன்னாள். "கதவத் தொறந்தா உள்ள ஒரு சின்ன வலை இருக்கும், அத…"

"நீ பட்டன் அமுக்கினவ. நான் டிரையர் பாத்தவன். வையி போன" என்றார் தகப்பனார்.

பிளக்கைக் கழற்றியது மெட்டில்டா. அவர் அதற்குள் பின்பக்கத் தகட்டின் பாதி ஆணிகளைத் திருகி எடுத்திருந்தார்.

தகடு வந்ததும் உள்ளே சாம்பல் நிறத்தில் பஞ்சு, பூனை சுருண்டு படுத்த மாதிரி, அடைந்து கிடந்தது. இராயப்பன் முகம் மலர்ந்தது. ஸ்டோரில் போறணையிலிருந்து டிரையருக்குப் போகும் சூட்டுக் குழாயைச் சுற்றிப் பஞ்சு போல ஒன்றைப் பொதிந்து கட்டியிருப்பார்கள், சூடு வெளியே போகாமலிருக்க. தொழிற்சாலை அவருக்குக் கற்றுக்கொடுத்த நுட்பம் அது ஒன்றுதான். அதை எங்காவது பயன்படுத்த அவர் ஆயுள் முழுக்கக் காத்திருந்தார்.

"பாத்தீங்களா அண்ணே! சூடு போகாம கம்பெனிக்காரனே பஞ்சு வச்சிருக்கான். பாதி கொட்டிப்போச்சு. அதான் காயல."

மெட்டில்டா குனிந்து பார்த்தாள். "ஏங்க, இதுல நம்ம செவப்புப் போர்வ நூலெல்லாம் கெடக்கு. துணியில இருந்து உதுந்த தூசிங்க இது."

"நீ சும்மா இரு."

பழைய தலையணையைக் கிழித்தார். இலவம் பஞ்சை அள்ளிச் சூடேறும் பெட்டியைச் சுற்றித் திணித்து, தகட்டைத் திரும்ப மாட்டினார். பிறகு பின்குழாயைப் பார்த்தார். போறணையில் புகைபோக்கித் தகட்டை மூடினால் விறகு மிச்சம் என்பது அவர் தானாகவே கண்ட ஞானம். "இந்த ஓட்டையால அம்புட்டுச் சூடும் வெளிய ஓடுது பாரு" என்று குழாய் வாயில் சாக்கை வைத்து அடைத்தார்.

"பழைய சாரம் எதையாச்சும் போட்டுப் பாருங்க" என்று மெட்டில்டா கெஞ்சினாள். கேட்பாரா? கூட்டம் கூடிவிட்டது, பக்கத்துக் காம்பராக்களில் குடியிருக்கும் பெண்கள் கதவில் நின்றார்கள். பெரிய வெற்றிக்குப் பெரிய துணி வேண்டும். தோய்த்து வைத்திருந்த சிற்றாலயத்துப் பீடத் துணியை, லேஸ் வைத்த ஒரே நல்ல பீடத் துணியை, எடுத்து உள்ளே போட்டு, பிளக்கைச் செருகி, பட்டனை அமுக்கிவிட்டுக் கால்மேல் கால் போட்டார்.

கொஞ்ச நேரம் மெஷின் பெருமூச்சு விட்டுக்கொண்டு சுற்றியது. இராமசாமி மூக்கைச் சுருக்கினார்.

"இராயப்பா, கருகுதுடா."

"புதுச் சூடு அப்பிடித்தான் அண்ணே இருக்கும்."

அடுத்து புகை வந்தது. பின்னால் சிவப்பாக ஏதோ ஒளிர்ந்தது. மெட்டில்டா பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள். மெஷினைச் சுவரிலிருந்து இழுத்து, தகட்டை நெம்பித் தள்ளி, கங்காய்க் கனன்ற பஞ்சைக் குறட்டால் பிடித்து மழையில் வீசினாள். மிச்சத்தை ஒரு பெண் ஈரச்சாக்கால் அமுக்கினாள். டிரையர்காரர் எல்லோருக்கும் முன்பாகவே வெளியேறி, மழைத்தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் நனைந்துகொண்டு நின்றார்.

பீடத் துணியின் நடுவே உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பேறியிருந்தது. ஓரத்து லேஸ் சுருங்கிப் பொசுங்கியிருந்தது.

சாயங்காலம் திருநாள் வேலைகளைப் பார்க்க வந்த டெனிஸ் ஃபாதர், மழைக்கோட்டைக் கூடக் கழற்றாமல் அந்தத் துணியை விரித்துப் பார்த்தார். நல்ல மனிதர், சின்ன வயது. ஆனாலும் குரல் கடுத்தது. "இது யாரு செஞ்ச வேல?"

மெட்டில்டா புருஷனைப் பார்த்தாள். இராமசாமியும் பார்த்தார். கதவில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

இராயப்பன் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "ஃபாதர், எனக்கு டிரையர் கிரையரப் பத்தி என்னாங்க தெரியும்? நான் ஸ்டோர்ல போறணைக்கு வெறகு தள்ளினவனுங்க."

அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன்னிருந்து கட்டிக் காத்ததை, ஒரு பாதிரியாரின் திட்டுக்குப் பயந்து, கேட்காமலே கழற்றிக் கீழே வைத்துவிட்டார். இராமசாமி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். தோள்கள் குலுங்கியது மட்டும் தெரிந்தது.

இந்தக் கதை எதுவும் தெரியாத ஃபாதர், "தெரியாத வேலையில கை வைக்கக்கூடாது" என்றார்.

"அதானுங்க ஃபாதர்!" இராயப்பன் உயிர் வந்தவர் போலத் தலையாட்டினார். "நானும் அதத்தான் இவகிட்டப் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

ஃபாதர் போன பிறகு மெட்டில்டா துணியை மடித்து வைத்தாள். கையைக் கழுவினாள். மகளுக்குப் போன் எடுத்து, மெஷினுக்கு முன்னால் குந்தினாள்.

"அந்த வலை எங்க இருக்குன்னு சொல்லு. கொழாயில இருந்து தூசிய எப்பிடி எடுக்கிறதுன்னும் சொல்லு. எரிஞ்சது ஏதாச்சும் இருந்தா ஸப்வான் தம்பிய வரச்சொல்றேன்."

"அம்மா, அப்பா பக்கத்துல இருக்காரா? திட்டுவாரே."

மெட்டில்டா தலையை நிமிர்த்தினாள். எதிர் நாற்காலியில் ஈரச் சாரத்தோடு இராயப்பன் உட்கார்ந்து, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல. யாருமில்ல. நீ சொல்லு" என்றாள்.