புளிப்பை நம்பினேன்

பிள்ளைகளே, என் மகள் நித்யாவுக்கு முதலில் வந்தது வயிற்றுவலி. அடுத்து மலத்தில் ரத்தம். ஒரு வாரத்தில் முகம் வீங்கி, சிறுநீர் நின்றுபோனது. அவளுக்கு ஒன்பது வயது. எங்கள் ஊர் நல்லேப்பிள்ளியிலிருந்து கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம்.

மலப் பரிசோதனையில் ஈகோலி (மாட்டுக் குடலில் இருக்கும் கிருமி, அதில் ஒரு வகை கொடியது) தெரிந்தது. அதன் விஷம் சிறுநீரகத்தைத் தாக்கியிருந்தது.

"என்ன தண்ணி குடிச்சா?" என்று டாக்டரம்மா கேட்டார். என் மனைவி சரசு என்னைப் பார்த்தாள்.

நடவு நாளில் கெட்டி மோரை வயலுக்குக் கொண்டுபோய், வரப்பில் வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பெருக்குவோம். அன்று சரசு, "ஏனுங்க, காய்ச்சின தண்ணி இருக்குதுங்க" என்றாள். நான் மாடுகள் இறங்கும் வாய்க்கால் தண்ணீரையே மொண்டு ஊற்றினேன். "இந்தப் புளிப்புல எந்தக் கிருமி பொழைக்கும்? குடிச்சா உனக்கே பல்லு கூசுது" என்று சிரித்தேன். நித்யா இரண்டு டம்ளர் குடித்தாள். பெரியவர்களுக்கு ஒருநாள் வயிறு கலங்கியதோடு சரி.

டாக்டரம்மா ஒரு தாளில் வரைந்து காட்டினார். கிருமிக்குள் ஆர்.என்.ஏ (மரபுச் செய்தியின் நகல்) இருக்கிறது. பெரும்பாலும் அதைப் படித்துத்தான் கிருமி புரதம் செய்யும். சில குட்டி ஆர்.என்.ஏ-க்கள் புரதம் எதுவும் செய்யாது. அதில் ஒன்று, புளிப்பைத் தாங்க உதவும் வேறொரு செய்தியைச் சிதையவிடாமல் பிடித்துக்கொள்ளும். மோரில் புளிப்புக்குப் பழகிய கிருமி, இரைப்பையின் அமிலத்தையும் தாண்டிவிடலாமாம்.

"மோர்தான்னு உறுதியாச் சொல்ல முடியாதுங்க" என்றார். எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

"மருந்து போட்டு அதைக் கொன்னுடுங்கம்மா."

"இந்தக் கிருமி சாகறப்ப இன்னும் விஷம் கக்கலாங்க. காத்திருக்கத்தான் வேணும்."

டயாலிசிஸ் (கருவி வழியாக ரத்தத்தைச் சுத்தம் செய்வது) நடந்தது. உழுது நட்ட கைகள் இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. என் பிள்ளைக்கு நான் செய்ய ஒன்றுமே இல்லை. காலி சிறுநீர்ப் பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்தாம் நாள் பையில் கொஞ்சம் மஞ்சள் இறங்கியது. சரசு கும்பிட்டாள். "எல்லாரும் இதையே பாக்கறீங்க, வெக்கமா இருக்குதுங்கப்பா" என்றாள் நித்யா.

இப்போது பள்ளிக்குப் போகிறாள். சிறுநீரகம் முழுதாகத் தேறுமா என்று டாக்டரம்மாவால் இன்னும் சொல்ல முடியவில்லை. மோரில் காய்ச்சிய தண்ணீரைத்தான் ஊற்றுகிறோம். நீங்களும் உங்கள் வீட்டில் சொல்லுங்கள்.

தினமும் காலையில் கழிவறைக் கதவுக்கு வெளியே நிற்கிறேன். "போங்கப்பா!" என்று உள்ளேயிருந்து திட்டுகிறாள். சிறுநீர் விழும் அந்தச் சிறு சத்தம் கேட்ட பிறகுதான் எனக்குப் பொழுது விடிகிறது.