பத்து நிமிடத்துக்குள் ஓர் இதயம்

கல்லூரியின் ஊடகத் துறையில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். மாணவர் சேனலுக்கு வீடியோ வெட்டி ஒட்டுகிற வேலை முழுக்க அவள் தலையில். சாப்பிடும்போதும் இடது கை போனைத் தடவிக்கொண்டே இருக்கும். பார்ப்பவர்கள் இசை இரைச்சல் என்றால் இசையைத் தூக்குவாள். நீளம் என்றால் பாதியை வெட்டுவாள். படம் எடுப்பது தானா, ஊரா என்று அவளுக்கே சந்தேகம்.

இறுதியாண்டுப் படத்துக்கு அப்பாவை எடுத்தாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம், "பயப்படாதீங்க, நான் இங்கதான் நிக்கிறேன்" என்பார். கதவு திறக்கும்வரை அதையே சொல்வார். படத்தின் உயிரே அதுதான்.

அந்தப் படத்தைப் பார்ப்பவர்களும் வெட்டி மாற்றி அனுப்பலாம் என்று சேனலில் அறிவித்தார்கள். பங்கேற்புக்குத் தனி மதிப்பெண் உண்டே! வருவது எதுவானாலும் தானே சேனலில் ஏறிவிடும்; பத்து நிமிடத்துக்குள் அதற்குச் சேனல் பெயரில் இதயக் குறி போட வேண்டும், இல்லாவிட்டால் ஆள் நழுவிவிடுவான். இது அங்கே எழுதாத சட்டம். அன்று கத்திரி பஸ்ஸில் தொங்கியபடி பதினேழு இதயங்கள் போட்டாள். ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை.

சாயங்காலம் ஒன்றைத் திறந்தாள். அப்பாவின் வாயை மட்டும் பெரிதாக்கி, அந்த வரியை ஆட்டுக் குரலில் நாற்பது தடவை ஓடவிட்டிருந்தான் எவனோ. ஊரே பார்த்திருந்தது. துறைத் தலைவருக்குப் போன் போட்டாள்.

"சார், இத எடுத்துடலாம் சார்."

"எதுக்கும்மா? பங்கேற்புக்கு இதவிட சாட்சி வேணுமா? முழு மார்க் உனக்குத்தான்."

"சரி சார்" என்று போனை வைத்துவிட்டாள். தன்மேலேயே எரிச்சலாக வந்தது. தான் போட்ட இதயத்தை நீக்கினாள், எழுந்தாள், உட்கார்ந்தாள். அதற்குள் அப்பா வந்துவிட்டார்.

"ஷெட்ல எல்லாரும் பார்த்தாங்க. சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அப்புறம் ஒருத்தன் கீழ ஒரு இதயத்தைக் காட்டினான். அது உங்க சேனலோடதாமே, யாரும்மா போட்டது?"

"நான்தாம்பா. பார்க்காம போட்டுட்டேன்."

"என்னைக்கூடவா பார்க்கல?"

அவர் கை கழுவப் போய்விட்டார். அவள் அறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டு, அந்த வீடியோவைச் சேனலிலிருந்தே நீக்கினாள். மதிப்பெண் நாசமாய்ப் போகட்டும். ஆனாலும் அழுகை நிற்கவில்லை.

கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"பயப்படாத. நான் இங்கதான் நிக்கிறேன்."

இரண்டாவது தடவை சொல்லவிடாமல் கதவைத் திறந்தாள்.