வடக்கிலிருந்து வந்த இரும்பு

அலுவலகத்தில் அவளுக்குக் 'கோடு அக்கா' என்று பெயர். ஆற்றுக்கு அப்பால் இருந்த வடக்கு நாட்டிலிருந்தும், கடல் கடந்த இன்னொரு நாட்டிலிருந்தும் வரும் சரக்குகளை ஒப்பிட்டு மாதாமாதம் வரைபடத்தில் இரண்டு கோடுகள் வரைவது அவள் வேலை. வடக்குக்கு நீலம், கடலுக்குச் சிவப்பு.

அவளுடைய அண்ணன் வடக்கிலிருந்து கோதுமை ஏற்றிவரும் சரக்கு ரயிலின் டிரைவர். நீலம் ஏறினால், அது தன் ரயில் இழுத்துவந்தது என்று வீட்டில் மார்தட்டிக்கொள்வான்.

ஒரு வெள்ளத்தில் எல்லைப் பாலம் இடிந்தது. அண்ணன் ஓட்டிவந்த எஞ்சின் ஆற்றோடு போயிற்று. உடல் கிடைக்கவில்லை. நீலக் கோடு தரையில் விழுந்தது. அதை வரைந்ததும் அவள்தான். கப்பல்கள் அதிகமாயின, சிவப்பு மளமளவென்று ஏறியது. நஷ்டம் ஈடாகிவிட்டது என்று மேலதிகாரி நிம்மதியாக மூச்சுவிட்டார். மத்தியானங்களில் அவளுக்கு மின்விசிறிச் சத்தத்துக்கு அடியில் ரயில் சக்கரம் உருள்வதுபோல் கேட்கும். விசிறியை நிறுத்திப் பார்ப்பாள். அப்போதும் கேட்கும்.

அண்ணியோ, வெள்ளம் அவனை அக்கரையில் ஒதுக்கியிருக்கும், யார் வீட்டிலோ நினைவு தப்பிக் கிடக்கிறான் என்றே நம்பினாள்.

அடுத்த கோடையில் நீலம் லேசாகத் தலைதூக்கியது.

"வடக்குக்கு உயிர் வந்துடுச்சும்மா," என்றார் மேலதிகாரி.

பாலமே இல்லாமல் என்ன வந்திருக்கும்? சுங்கத்தில் விசாரித்தாள். பழைய இரும்பு. ஆற்றிலிருந்து எடுத்த ரயில் எஞ்சினை வெட்டிப் படகுகளில் அனுப்பியிருந்தார்கள்.

அண்ணியிடம் மறைக்க மனம் வரவில்லை. அந்த இரும்பு போய்ச்சேர்ந்த உருக்காலைக்கு இருவரும் போனார்கள். முற்றத்தில் டிரைவர் அறையின் ஒரு பக்கச் சுவர் கிடந்தது. சாப்பாட்டுப் பையை மாட்ட அண்ணன் தானே வளைத்து அடித்த கொக்கி அதில் அப்படியே இருந்தது. அண்ணி அதைப் பிடித்தாள். வெயிலில் இரும்பு சுட்டும் கையை எடுக்கவில்லை.

"உள்ள யாராவது இருந்தாங்களா?" என்று காவலாளியைக் கேட்டாள்.

"சேறுதாம்மா இருந்துச்சு."

திரும்பும் பஸ்ஸில் அண்ணி மெதுவாகச் சொன்னாள்: "இனிமே அங்கேருந்து என்ன வந்தாலும் எங்கிட்ட சொல்லிடு. எவ்வளவு சின்னதா இருந்தாலும் சரி."

பதவி உயர்வு தேடிவந்தபோது கோடு அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். இப்போதும் மாதாமாதம் அண்ணியின் சமையலறையில் உட்கார்ந்து வடக்கிலிருந்து வந்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். தோல், கயிறு, விதை. அண்ணி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் நிறுத்தியதும், "வேற?" என்பாள்.