ஹொங்கொங்கில் எந்தக் கரையில் தங்குவது

அடுத்த மாதம் ஒரு பயிற்சிக்காக ஹொங்கொங் போகிறேன். முதல் வெளிநாட்டுப் பயணம், அதுவும் தனியாக.

இன்று காலையும் கிளிநொச்சி பஸ்ஸில் இருந்தபடி போனில் ஹோட்டல் தேடினேன். துறைமுகம் தெரியும் அறையொன்றைப் பதிவு செய்யப் போனபோது, விசுவமடுவில் ஏறிப் பக்கத்தில் இருந்த ஓர் அக்கா திரையைப் பார்த்து விசாரித்தார். ஹொங்கொங்கில் பயிற்சி என்றேன்.

"பிள்ளை, பயிற்சி எந்தக் கரையில?"

ஹொங்கொங் தீவுப் பக்கம் என்றேன்.

"அப்ப எதிர்க்கரையில, கவுலூனில, படகுத்துறைக்குக் கிட்ட எடுங்கோ. துறைமுகத்தை அறைக்குள்ள இருந்து ஏன் பாக்கிறியள்? காலமை படகில அதுக்கு நடுவால போகலாம்."

"அங்க இருந்தனீங்களோ அக்கா?"

"ஓம். ஒன்பது வருசம் ஒரு வீட்டில வேலை செய்தனான். முப்பதாம் மாடி. யன்னல் துடைக்கேக்க முழுத் துறைமுகமும் தெரியும். ஞாயிறு லீவிலதான் படகில ஏறுவன்."

போனை வாங்கி, தனியாக நடக்க எந்தத் தெரு நல்லது, ரயிலுக்கு எந்த வாசலால் இறங்குவது என்று வரைபடத்தில் காட்டினார். என் பயம் போய்விட்டது. பரந்தன் வருவதற்குள் கவுலூனில் ஓர் அறையைப் பதிவு செய்தேன்.

"திரும்பப் போவீங்களோ?"

"போவன். இனிப் போனால் நானும் ஹோட்டலிலதான்."

நான்கு நாட்களாக நான் வாசித்த ஹோட்டல் விமர்சனங்களை எழுதியவர்கள் அங்கே இரண்டு இரவுகள் தங்கியவர்கள். நீங்கள் யாரிடம் கேட்டுப் போகிறீர்கள்?