பாதியில் பிடுங்கிய புத்தகம்

"குடு அதை."

"எதை அண்ணி?"

"புத்தகத்தைத்தான். இன்னைக்குப் போதும்."

"பாதிக் கணக்குல இருக்கேன். இன்னும் ரெண்டு வரி எழுதினா விடை வந்துடும்."

"அதான் குடுங்கறேன்."

"விடை வரப்போகுதுன்னு சொல்றேன், பிடுங்கறீங்களே!"

"விடை எங்கேயும் ஓடிப்போகாது. டீ ஆறுது, எழுந்திரு."

அண்ணி புத்தகத்தை மூடவில்லை. நடுவில் பென்சிலை வைத்து, விரித்த வாக்கிலேயே கொண்டுபோய் பீரோவின் தலையில் வைத்துவிட்டாள். சின்னவள் எக்கினாலும் கைக்கு எட்டாத உயரம் அது.

வீட்டில் எல்லோரும் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணி மட்டும் போலீஸ் என்பாள். யார் என்ன சொன்னாலும் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவள் கண் தேடிப் போகும் என்பதால் வந்த பெயர்.

இந்த விஷயத்தில் அந்தக் கண்ணுக்கு நிறையவே வேலை இருந்தது. அரையாண்டில் கணக்கிலும் வேதியியலிலும் விழுந்த பிறகு சின்னவளுக்குப் படிப்பு விட்டுப்போயிருந்தது. புத்தகத்தைத் திறந்தால் கொட்டாவி வந்தது. மூடினால் தூக்கம் போய்விடும். ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டவர்களுக்குச் சொல்ல அவளிடம் காரணம் எதுவும் இல்லை. அண்ணன் காரணம் கேட்கவில்லை. "திருப்புதல் தேர்வுலயும் இப்படியே வந்தேன்னா பள்ளிக்கூடம் போதும். கடையில ஒரு ஆள் தேவைப்படுது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான். அவன் வீண் வார்த்தை பேசுகிறவன் இல்லை.

கடை என்பது அடுத்த தெருவில் இருந்த பை தைக்கும் கடை. அறுந்த வார், பல் போன ஜிப், சக்கரம் கழன்ற பெட்டி எல்லாம் அங்கே வரும். கல்யாணமாகி வந்ததிலிருந்து தையல் மெஷின் அண்ணியின் பொறுப்பு. சாயங்காலம் வீடு திரும்பும்போது புடவை முழுக்கக் கான்வாஸ் தூசியும் கட்டைவிரலில் ஒரு புதுப் பிளாஸ்திரியுமாக வருவாள்.

அப்படி வந்த ஒரு நாள்தான் சின்னவளைப் பிடித்து மேஜையில் உட்கார வைத்தாள். "நான் இந்தத் துணியெல்லாம் மடிச்சு முடிக்கிற வரைக்கும் உட்காரு. பிடிக்கலைன்னாலும் உட்காரு. பிடிக்கணும்னு யாரு கேட்டா?" சின்னவள் வேண்டா வெறுப்பாக ஒரு கணக்கைத் தொட்டாள். அது மெல்லச் சூடுபிடித்த நேரத்தில்தான் புத்தகம் பீரோவின் மேல் ஏறியது. மறுநாளும் அதே கதை. எப்போதும் சுவாரசியம் வந்த இடமாகப் பார்த்துப் பிடுங்கினாள்.

உதவி செய்கிறவள் எதற்குப் பிடுங்க வேண்டும்? சின்னவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். தேர்வில் தேறாவிட்டால் கடைக்குப் போகப்போகிறவள் சின்னவள்தான். அவள் போனால் மெஷினை விட்டு எழப்போகிறவள் அண்ணி. இது வெறும் ஊகமும் இல்லை. அண்ணி தன் அக்காவோடு போனில் பேசியதை அவளே கேட்டிருந்தாள். "யாராவது ஒருத்தர் வந்து உட்கார்ந்தா நான் தப்பிச்சுடுவேன்க்கா." ஆடு நனைகிறதே என்று ஓநாய் எதற்கு அழும் என்பது அப்போது விளங்கிவிட்டது.

அம்மாவிடம் சொன்னாள். அம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தாமலேயே, "இத்தனை நாளா புத்தகத்தைத் திரும்பிப் பார்க்காதவ, இப்பப் பிடுங்கிட்டாங்கன்னு அழறியா? நல்லா இருக்குடி நியாயம்" என்றாள்.

சின்னவள் விடவில்லை. வகுப்புத் தோழியிடம் இன்னொரு கணக்குப் புத்தகத்தை இரவல் வாங்கினாள். அண்ணி கடையிலிருந்து வருவதற்கு முன்பே மொட்டைமாடிப் படிக்கட்டில் போய் உட்கார்ந்து ஒரு பாடத்தை முழுசாக முடித்தாள். பிடுங்க ஆள் இல்லை. ஜெயித்துவிட்ட தோரணையில் இறங்கி வந்தாள்.

அடுத்த நாள் அதே படிக்கட்டில் அடுத்த பாடத்தைத் திறந்தாள். முதல் பக்கம் சுவர் மாதிரி நின்றது. தலைப்பைப் படித்தாள், நகத்தைக் கடித்தாள், கொடியில் காய்ந்த துணிகளை எண்ணினாள், கீழே இறங்கிவிட்டாள். அதற்கடுத்த நாள் படிக்கட்டுக்கே போகவில்லை.

பிடுங்கப்பட்ட நாட்கள் அப்படி இருந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த அரைகுறைக் கணக்கு பல் தேய்க்கும்போது கூடவே நிற்கும். பள்ளிக்கு நடக்கும்போது பின்னாலேயே வரும். முதல் மணி அடிப்பதற்குள் தோழியின் புத்தகத்தைப் பார்த்து அந்த இரண்டு வரியை எழுதி, கையோடு அடுத்த கணக்கிலும் பாதி தூரம் போயிருப்பாள். சரி, அது நல்லதுதான். ஆனால் நல்லதை நல்லது என்று சொல்லிச் செய்ய வேண்டியதுதானே, எதற்கு இந்த மௌனம்? அவளுடைய சந்தேகம் குறையவில்லை, இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது.

நேரில் பார்த்துவிடுவது என்று முடிவுசெய்து, ஜிப் சரியில்லை என்று தன் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள். கடை சாத்தும் நேரம். அண்ணன் பாதி ஷட்டரை இறக்கிவிட்டுக் கத்திக்கொண்டிருந்தான்.

"ஏம்மா, இன்னும் ஒரு சாண் தையல். முடிச்சுட்டு எழுந்தா குறைஞ்சா போயிடுவே? தினமும் இதே கூத்து!"

மெஷினில் ஒரு பை, வார் பாதி தைத்தபடி கிடந்தது. ஊசி துணிக்குள்ளேயே இறங்கி நின்றது. அண்ணி விளக்கை அணைத்துக்கொண்டே சொன்னாள். "முடிச்சுட்டுப் போனா நாளைக்கு இந்தப் படியேறக் கால் வராதுங்க. பாதியில கிடந்தாத்தான் அது என்னை இழுத்துக்கிட்டு வரும்."

"வேலை அவ்வளவு கசக்குதாக்கும்?"

"கசக்குது."

அண்ணன் அதைத் தமாஷ் என்று எடுத்துக்கொண்டு சிரித்தான், பூட்டைத் தேடினான். சின்னவள் சிரிக்கவில்லை.

அண்ணனை முன்னால் விட்டு இருவரும் பின்தங்கி நடந்தார்கள்.

"அப்ப நீங்க போன்ல சொன்னது நிஜந்தானே?"

"என்ன சொன்னேன்?"

"யாராவது வந்தா தப்பிச்சுடுவேன்னு."

அண்ணி நின்று அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஒட்டுக் கேட்டியா? போலீஸ்னு தெரியாமலா பேர் வெச்சேன். நிஜந்தான்."

"நான் ஃபெயிலானா அந்த யாராவது நான்தான்."

"ஆமா. அதையும் யோசிச்சேன்."

இப்படி ஒரேயடியாக ஒப்புக்கொள்வாள் என்று சின்னவள் எதிர்பார்க்கவில்லை. "அப்புறம்?"

"அப்புறம் என்ன? நீ அந்த மெஷின்ல உட்கார்ந்தா தினமும் சாயங்காலம் உன் மூஞ்சியை நான் பார்க்கணும். கண்ணாடியில என் மூஞ்சியைப் பார்க்கிறதே எனக்குப் போதும், தாயே."

சின்னவள் அதை நம்பினாள் என்று சொல்ல முடியாது. நம்பாமலும் இல்லை. ஆனால் அதன் பிறகு அண்ணி வந்து பிடுங்கட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. கணக்கு ருசிக்கிற இடம் வந்ததும், நாற்காலியில் ஏறித் தானே புத்தகத்தை பீரோவின் மேல் வைத்தாள். சில நாட்கள் ருசி வரவேயில்லை. அன்றும் அண்ணி துணி மடித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள்.

திருப்புதல் தேர்வில் வேதியியல் நன்றாகவே வந்தது. கணக்கு நூலிழையில் தப்பியது. அண்ணன் மதிப்பெண் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, போய்ட்டு வா பள்ளிக்கூடம்" என்றான். அவனுக்கு அது பெரிய பேச்சு.

அண்ணி தனக்கென்று யாரிடமும் எதுவும் கேட்டுச் சின்னவள் பார்த்ததில்லை. தேர்வு முடிந்து சில வாரம் கழித்து ஒரு விடுமுறைக் காலையில் கேட்டாள். மொட்டைமாடியில் போர்வையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையைச் சின்னவளிடம் நீட்டியபடி.

"பல் ஆஸ்பத்திரியில சீட்டு எழுதிக் குடுக்கிற வேலைக்குக் கேட்டிருந்தேன். வரச் சொல்லிட்டாங்க."

சின்னவளின் கை போர்வையில் அப்படியே நின்றது. மெஷின் காலியாகப் போகிறது. அண்ணனின் பார்வை அடுத்து யார் மேல் விழும் என்று தெரிந்துகொள்ளப் போலீஸ் தேவையில்லை. இதற்காகத்தானா இவ்வளவும்?

"அப்படிப் பார்க்காதே. உன்னைக் கூப்பிடுவார், எனக்குத் தெரியும். கூப்பிட்டா, அவ வரமாட்டான்னு நான் சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி என் விஷயத்தை நான் சொல்லணும். இன்னைக்குச் சாயங்காலம் சொல்லப் போறேன்." அண்ணி போர்வையை உதறினாள். "நீ ஒண்ணும் பேச வேண்டாம். நான் சொல்றப்ப என் பக்கத்துல வந்து நில்லு."