படத்தில் இல்லாத ஐந்தாவது ஆள்

என் அம்மாவின் தம்பி உலகநாதன், தன்னிடம் இருந்த ஜெர்மன் கேமராவையும் அதன் மூன்று லென்சுகளையும் சென்ற மாசி மாதம் விற்றார். விற்கச் சொன்னது நான்தான். நான் இருக்கும் நாட்டிலிருந்து எதைச் சொல்வதும் சுலபம்.

மாமா பன்னிரண்டு ஆண்டுகள் சரக்குக் கப்பலின் இன்ஜின் அறையில் மோட்டார்மேனாக இருந்தவர். யோகோஹாமாவில் கப்பல் பழுதாகி நின்றபோது, பழைய பொருள் விற்கும் கடை ஒன்றில் அந்தக் கேமராவைப் பார்த்தார். வாங்கியதில் பதினோரு மாதச் சம்பளம் போயிற்று. லென்சுகளில் இரண்டு பிறகு வெவ்வேறு துறைமுகங்களில் சேர்ந்தவை. எங்கள் மீனவர் குப்பம் சென்னைக்கு வடக்கே பசியாவரத்துக்கும் அப்பால், மூன்று பக்கமும் ஏரித் தண்ணீர். அங்கே அவர் அதைக் கொண்டுவந்து இறக்கியபோது அவர் மனைவி சுதா அத்தை கேட்டாளாம்: "நகையா வாங்கியிருந்தா கழுத்துலயாவது கெடக்கும். இத எங்கய்யா மாட்றது?"

"இங்கதான்" என்று மாமா கேமராவின் தோல் வாரை எடுத்து அவள் கழுத்திலேயே மாட்டியிருக்கிறார். "யம்மா, எருமைக்கு மணி கட்னா மாரி இருக்குது" என்றாளாம் அத்தை.

அந்த வகைக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. மேலே ஓரத்தில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதன் நடுவில் ஆள் இரண்டாகத் தெரிவார். வளையத்தை மெல்லத் திருப்பினால் இரண்டு உருவமும் ஒன்றன்மேல் ஒன்று வந்து உட்காரும். அப்போது அழுத்த வேண்டும். மாமா அதில் தேறிவிட்டார். உப்புக் காற்றில் லென்சில் பூஞ்சை பிடிக்கும் என்று, மீன் ஐஸ் வைக்கும் தெர்மாகோல் பெட்டியைக் கழுவிக் காயவைத்து, மாத்திரை டப்பாக்களில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை ஊரெல்லாம் சேகரித்துப் போட்டு, அதற்குள் கேமராவை வைத்திருந்தார்.

கப்பல் வேலையை விட்டு வந்த பிறகு குப்பத்தில் நடந்த எதையும் அவர் எடுக்காமல் விட்டதில்லை. கல்யாணப் பந்தியில் உட்காரப் போனால், "உலகு, நீ அப்பறம் துன்னு. மொதல்ல பந்திய எடு" என்பார்கள். எடுத்து முடிக்கும்போது பந்தியும் முடிந்திருக்கும். சண்டை நடந்தால் இரண்டு பக்கமும் அவரை நகரச் சொல்வார்கள். கோபத்தில் அல்ல, கேமராவுக்கு அடிபடக்கூடாது என்று. இப்படியே அவர் எல்லா இடத்திலும் இருந்தார், எதிலும் இல்லை. அது அவருக்கே தெரிந்தது சுதா அத்தை இறந்த அன்று. தூக்குகிற நேரத்தில் பின்னாலிருந்து ஒருவர், கேலியாக அல்ல, உண்மையாகவே கேட்டார்: "இன்னா உலகு, எடுக்கலியா?"

பிள்ளைகள் இல்லை. அத்தை போன பிறகு மாமா எனக்கு வீடியோ கால் போடுவார். போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு வெங்காயம் நறுக்குவார், துணி மடிப்பார். நான் எதுவும் பேச வேண்டியதில்லை. ஒருமுறை நான் ஆபீஸ் கூட்டத்துக்குப் போய்விட்டு முக்கால் மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், அழைப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் மின்விசிறியும் அவர் முதுகும்.

அப்படி ஒரு நாள்தான் சொன்னார்: "நான் திரும்பப் பாட்டுக்குப் போலாம்னு இருக்கேன்."

ஏரியில் இறால் படும் இடங்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் போதாது. அதனால் இன்ன நாள், இன்ன இடத்தில், இன்னார் வலை என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஒரு போட்டுக்கு ஐந்து பேர். மாமாவுக்கும் அவர் அப்பா வழியில் ஒரு பாடு இருந்தது. கப்பலுக்குப் போனவர் அதைப் பெரியப்பா மகன் மாணிக்கத்திடம் விட்டிருந்தார். திரும்பி வந்தும் கேட்கவில்லை. படம் எடுக்கவே நேரம் சரியாக இருந்தது.

"வருமானத்துக்கா மாமா?"

"ஐயே. போட்டுல அஞ்சு பேரு இருப்பான். எதனா பேசினு இருப்பான்."

அவருக்கு வேண்டியது அந்தப் படகில் ஓர் இடம். நான் உடனே கணக்குப் போடுகிறவன் மாதிரிப் பேசினேன். பிலிம் ரோல் விலை எங்கோ போய்விட்டது, கழுவித் தருகிற கடையும் சென்னையில் ஒன்றிரண்டுதான், அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள், விற்று வலை வாங்குங்கள் என்றேன். கையில் வலை இல்லாமல் பாடு கேட்கக் கூடாது என்பது குப்பத்து வழக்கம். புது வலையைக் கொண்டுவந்து அம்மன் கோயில் வாசலில் போட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். ஆகவே கேட்பதற்கு முன்பே விற்றாக வேண்டும்.

வாங்க வந்தவர் பிரபாகரன், சென்னையில் இப்படிப்பட்ட கேமராக்களைச் சேர்ப்பவர். மீஞ்சூர் வழியாகக் காரில் வந்து, படகுத்துறை டீக்கடை பெஞ்சில் துணி விரித்து, லென்சுகளை ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பார்த்தார். "இந்த ஊர்ல இருந்து இவ்வளவு சுத்தமா எதிர்பார்க்கல சார்" என்றார். பிறகு கேமராவைக் கண்ணில் வைத்து மாமாவின் பக்கம் திருப்பி, வளையத்தை நகர்த்தி, அழுத்தினார். மாமா சட்டைக் காலரை இழுத்து நேராக நின்றார்.

"ரோல் போடல சார். சும்மா ஷட்டர் பாத்தேன்."

"தெரியும்" என்றார் மாமா.

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை காலை, புது சுத்து வலையை இரண்டு பேர் பிடிக்கத் மாமா தூக்கிவந்து கோயில் வாசலில் போட்டார். குப்பத்துத் தலைவர் தினகரன் வலையின் கண்ணை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"வல நல்லாருக்கு உலகு. கடைசியா எப்பப்பா வலைல கை வெச்ச?"

"எட்டு வருஷம் ஆவுது. மாணிக்கம் போட்டுல. மூணு மாசம், ஒரு நாளு தவறல."

பத்து வருடத்துக்குள் ஒரு பருவமாவது வலை இழுத்திருந்தால் விட்ட பாட்டைத் திரும்பக் கேட்கலாம். இல்லாவிட்டால் அது வைத்திருப்பவனுக்கே. முறை எழுதும் நோட்டு வெள்ளத்தில் ஊறிக் கூழாகிவிட்டது. தினகரன் மாணிக்கத்தைப் பார்த்தார்.

மாணிக்கம் கெட்டவன் இல்லை. இரண்டு பாட்டையும் நம்பி அவன் வீட்டில் இரண்டு குடும்பம் சாப்பிடுகிறது. "வந்தாரு. இல்லன்னு சொல்லல. ஆனா இழுத்தாரான்னு கேட்டா…" என்று காலால் மண்ணைத் தேய்த்தான்.

மாமா இதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். மஞ்சள் உறையைப் பிரித்து அந்த மூன்று மாதப் படங்களை எடுத்தார். அறுபது படம் இருக்கும். பின்னால் தேதி எழுதியிருந்தது. கை மாறி மாறிப் போயின.

"டேய் விமலு! அப்ப உனுக்கு முடி இருந்துருக்குடா!"

"அத்த வித்துதான் மச்சான் பொண்டாட்டிக்கு மிக்ஸி வாங்குனான்!"

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற வசந்தா ஒரு படத்தை வாங்கிக்கொண்டு நகரவில்லை. அவள் புருஷன் வேலு, போன வருடம் இறந்தவன், தோளில் கயிற்றோடு சிரித்துக்கொண்டிருந்தான். "அண்ணே, இத நான் வெச்சிக்கவா?" என்றாள். மாமா தலையாட்டினார். பத்து நிமிடம், எதற்காகக் கூடினோம் என்பதே யாருக்கும் நினைவில்லை. எல்லோரும் மாமாவைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

பிறகு தினகரன் ஒரு படத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு எண்ணினார். "மாணிக்கம். விமலு. வேலு. இந்தாண்ட அஜித்து. நாலு பேரு. நீ எங்க?"

"நான்தான எடுத்தேன்."

"அதத்தான் கேக்கறேன். ரெண்டு கையும் கேமராவுல. அப்ப வலைல எந்தக் கையி?"

"எடுத்துட்டு இழுத்தேன் தலைவரே."

தினகரன் அடுத்த படத்தை எடுத்தார். நாலு பேர். அதற்கடுத்ததிலும் நாலு பேர். முகத்துவாரத்தில், ஆழத்தில், கரையில் வலை உதறும்போது, எங்கேயும் நாலு பேர். அறுபது படமும் அவருக்கு எதிராகவே சாட்சி சொல்லின. அவரிடம் கேமராவை வாங்கி, "நீ போய் நில்லுண்ணே, நான் அமுக்கறேன்" என்று அந்த மூன்று மாதத்தில் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் கேமராவைக் கொடுத்திருக்க மாட்டார், வளையத்தைத் திருப்பத் தெரியாது அவர்களுக்கு.

"பாடு தர முடியாது உலகு. தப்பா எடுத்துக்காத" என்றார் தினகரன்.

கூட்டம் கலைந்த பிறகு மாணிக்கம் வந்தான். "அண்ணே, செவ்வாக்கெழமை எனுக்குப் பாடு. ஒரு ஆளு கொறையுது. கூலிக்கு வரியா?"

செவ்வாய்க்கிழமைப் பாடு மாமாவின் பழைய பாடு.

"என் பாட்டுல எனுக்கே கூலியாடா?"

"இப்ப அது உன்து இல்லியேண்ணே" என்றான் மாணிக்கம். குரலில் வருத்தம் இருந்தது. ஆனால் சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை.

அன்று மாலை மாமா போனில் இதையெல்லாம் சொன்னார். பிரபாகரனிடம் பேசுகிறேன், என்ன விலையானாலும் கேமராவைத் திரும்ப வாங்கிவிடலாம் என்றேன்.

"வாங்கி?" என்றார்.



செவ்வாய்க்கிழமை விடியும்போது அவர் கரையில் போய் நின்றார். ஏறு என்று யாரும் சொல்லவில்லை, ஏறாதே என்றும் சொல்லவில்லை. போட்டில் அவர் நினைத்திருந்த பேச்சு இல்லை. விமலும் அஜித்குமாரும் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாணிக்கத்தின் மருமகன் உதயகுமார் தூங்கினான். வலை வளைத்த பிறகு மாமாவுக்குக் கடைசிக் கயிறு. வெயில் கிழக்கே மணல்மேட்டுக்கு மேல் வந்து விமலின் வளைந்த முதுகில் விழுந்தது. எந்த லென்ஸ், எத்தனை அடி என்று மாமாவின் விரல்களுக்குத் தெரிந்தது. கயிறு தளர்ந்தது.

"அண்ணே! இன்னா வேடிக்க அங்க? இழு! ஒன்னாலதான் வல கோணுது!" என்று மாணிக்கம் கத்தினான்.

இழுத்தார். உள்ளங்கை கிழிந்தது. அத்தை போன பிறகு தன்னை ஒருவர் திட்டியது அன்றுதான் என்று அவருக்கு அப்புறம்தான் உறைத்தது.

கரையில் இறாலைப் பங்கு வைத்தார்கள். பங்குக்காரர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதில் அவர் பெயர் இல்லை. அதன்பின் மாணிக்கம் கறிக்கு எடுத்துவைத்த மீனை ஆளுக்கு ஒரு அள்ளு போட்டுக்கொண்டே வந்தான்.

"ஒண்டி ஆளு. அவருக்கு எதுக்கு இம்மா மீனு?" என்றான் விமல். "பூனை வளக்கறாரா?"

"ஆளுக்கு ஒரு அள்ளுடா. கூலின்னா வயிறு இல்லியா?"

மாமா பையை விரித்துப் பிடித்தார்.

"போடு" என்றார். "ரெண்டு வேளைக்கு ஆவும்."