வளைவில் கேட்ட கிறீச்

9.7.2024, செவ்வாய், காலை 10.20, கடும் வெயில். மெக்கானிக் என் பழைய காரின் முன்சக்கரத்தை ஆட்டினார். கிறீச்!

"சக்கரத்தைப் புடிச்சிருக்கிற கண்ட்ரோல் ஆர்ம் ரெண்டும் போச்சுங்க. புதுசு போட்டா சத்தமே வராது."

சிறுவயதில் நைனாவின் வாடகைக் கார் மலையடி வளைவில் இப்படித்தான் கிறீச்சிடும். அவர் வீடு சேர முப்பத்திரண்டு எண்ணலாம். அதற்குள் நானும் அக்காவும் தாயக்கட்டையை ஒளித்துவிடுவோம். ஒருநாள் காரைப் பழுதுபார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் வந்து நின்றார். கட்டையும் கையுமாக மாட்டினோம்; எனக்கு ஐந்து அடி விழுந்தது, அக்காவுக்கு மூன்று.

புது ஆர்ம் போட்டு நானும் அப்படியே வீட்டில் நுழைந்தேன். என் மனைவி, பக்கத்து வீட்டுக்காரியிடம் நான் கணக்குப் பார்ப்பதைப்போலவே விரல் மடக்கி மிளகாய் எண்ணிக் காட்டிக்கொண்டிருந்தாள். இருவருக்கும் அப்படியொரு சிரிப்பு. என்னைப் பார்த்ததும் அது நின்றுபோனது.

"இன்னாங்க, வண்டி சத்தமே காணோம்?"

மறுநாளே அடிக்காத ஹாரனையும் மாற்றினேன். இப்போது எங்கள் தெரு வளைவிலேயே அடித்துவிடுகிறேன். ஆர்ம் 8,600, ஹாரன் 450. ஆக மொத்தம் 9,050 ரூபாய்.